கேட்டியில் புதிய மெக்சிகோ உணவகம்: சாப்பிட்டுப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தாமிரபரணி:

ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டிப் பக்கம் ஒரு மெக்சிகோ உணவகம் திறந்து சில வாரங்கள் ஆகின்றன. பெயரை இங்கே போடவில்லை. புதுக் கடை, இன்னும் கை பழகவில்லை. நம் பேச்சால் அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு போனோம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சமையலறையின் ஒரு மூலை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நன்றாகத் தெரிகிறது. அங்கே ஓர் அம்மாள் மக்காச்சோள மாவை உருட்டி, அச்சில் வைத்து அழுத்தி, கல்லில் போட்டு, விரல் நுனியாலேயே திருப்புகிறார். இரண்டு முறை திருப்பியபின் விரலால் லேசாகத் தட்டுகிறார். டொர்ட்டியா நடுவில் உப்பி எழுந்து, ஆவியை விட்டு அமுங்குகிறது. உடனே துணி விரித்த கூடைக்குள் போய்விடுகிறது. மேஜைக்கு வரும்போது கையில் பிடிக்க முடியாத சூடு. மடித்தாலும் விரிசல் விடவில்லை. ஹூஸ்டனில் இத்தனை காலம் சாப்பிட்டதில் டொர்ட்டியாவைத் தனியாகக் கிள்ளித் தின்ன வேண்டும் என்று தோன்றியது இங்கேதான்.

எனக்கு அல் பாஸ்தோர் டாக்கோ, அதாவது சின்ன டொர்ட்டியாவில் இறைச்சி வைத்து மடித்தது. பன்றி இறைச்சியைக் காய்ந்த மிளகாய் விழுதிலும் அச்சியோத்தே விதையிலும் ஊறவைத்து, செங்குத்தான கம்பியில் அடுக்கிச் சுட்டு, சீவித் தருகிறார்கள். மேலே ஒரு துண்டு அன்னாசி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மனைவி மோலே நெக்ரோ ஊற்றிய கோழி கேட்டார். குழம்பு பிரமாதம், ஆனால் ஆறிப்போய் வந்தது.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் முட்டைகூடத் தொடாதவர். பரிமாறிய பெண் தாமாகவே வந்து, "பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டு, சோறு கோழிச் சாற்றில் வெந்தது" என்று சொல்லிவிட்டார். நாங்கள் கேட்கும் முன்பே சொன்னதற்காகவே அவருக்கு டிப்ஸ் கூட்டி வைத்தேன். மாமனார் பொப்லானோ மிளகாய்க் கீற்றும் சோளமும் டொர்ட்டியாவில் வைத்து மடித்துச் சுட்ட கெசடியா, அவகாடோவை மசித்த குவகமோலே, நோபால் என்ற கள்ளிச் சாலட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். பிறகு இன்னும் இரண்டு டொர்ட்டியா வரவழைத்து, உப்பும் பச்சைச் சல்சாவும் தொட்டுச் சாப்பிட்டு, "இது போதும்" என்றார்.

குறைகள்: முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை. டாக்கோ ஒன்று நாலரை டாலர்.

வேறு யாராவது போனீர்களா?

கரிசல்காட்டான்:

போனேன். தம்பி சொன்னதில் பாதிதான் எனக்குக் கிடைத்தது.

உட்கார்ந்ததும் சிப்ஸும் சல்சாவும் வரும் என்று பார்த்தால், அதற்குத் தனி விலை போட்டிருக்கிறார்கள். டெக்சாஸில் சிப்ஸுக்குக் காசு கேட்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். டாக்கோ உள்ளங்கை அளவு, இரண்டு கடியில் முடிந்துவிட்டது. நான்கு பேர் வயிறார உண்டு எழ வேண்டுமென்றால் நூறு டாலரைத் தாண்டுகிறது. மெனுவில் இறைச்சியைச் சுட்டுக் கீற்றாகத் தரும் ஃபஹிட்டா இல்லை, குழம்பு ஊற்றிய டொர்ட்டியாச் சுருளான என்சிலாடா மேல் மஞ்சள் சீஸ் இல்லை. "கேசோ இருக்கிறதா?" என்று, சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் உருக்கிய சீஸைக் கேட்டதற்குப் பரிமாறிய பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

காரமும் போதாது. மெக்சிகோ என்றால் மிளகாய், மிளகாய் என்றால் மெக்சிகோ என்கிறோம். மோலேயில் கசப்பும் இனிப்பும்தான் இருக்கிறது, உறைப்பைக் காணவில்லை.

வெண்பொங்கல்:

கரிசல் அண்ணா கேசோ கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. இந்த இழை எங்கே போகும் என்று இப்போதே தெரிகிறது.

தாமிரபரணி:

அண்ணா, இவர்கள் நடத்துவது டெக்ஸ்-மெக்ஸ் கடை, அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகோச் சமையல் கடை இல்லை. சமையல் தெற்கு மெக்சிகோவின் ஓஹாகாப் பக்கத்துச் சமையல் என்று மெனுவின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சிப்ஸை இலவசமாக வைப்பது டெக்சாஸ் பக்கத்து வழக்கம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அங்கேயே அரைத்து டொர்ட்டியா போடுகிறார்கள். விலை ஏறுவதற்கு அந்தக் கூலி ஒன்றே போதும்.

காரம் வேண்டுமென்றால் மேஜைமேல் மூன்று சல்சா இருந்ததே. ஆரஞ்சு நிறக் கிண்ணத்தைத் தொட்டீர்களா?

வெண்பொங்கல்:

சுண்ணாம்பா? சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கை அவர்கள் தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா?

மிளகுரசம்:

வேடிக்கை இருக்கட்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். என் மாமியார் முட்டையும் சாப்பிட மாட்டார். மெக்சிகோ உணவகத்துக்குப் போனால் எப்போதும் "பீன்ஸ், சோறு, சீஸ், இவை மூன்றும் சைவம்தானே" என்று ஆர்டர் கொடுத்துவிடுவோம். தாமிரபரணி எழுதியதைப் படித்தபின் வயிற்றைக் கலக்குகிறது. இத்தனை நாள் என்ன சாப்பிட்டிருக்கிறோம்? எதைக் கேட்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ஓஹாகா மாப்பிள்ளை:

அக்கா, நான் பெண் எடுத்த இடமே ஓஹாகா. சைவ வீட்டில் பிறந்து அந்தச் சமையலறையில் வருடக்கணக்கில் திண்டாடியவன் என்பதால் சொல்கிறேன்.

பார்வைக்குச் சைவமாக இருக்கும் இடங்களில்தான் மாட்டிக்கொள்வோம். மசித்த பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். சிவப்புச் சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகும். தமாலே என்று கொழுக்கட்டை போல அவித்த சோள மாவு வரும், அதன் உள்ளே சீஸும் மிளகாயும் மட்டும் இருந்தாலும் வெளி மாவைக் கொழுப்புச் சேர்த்து அடித்திருப்பார்கள். மாவு மெத்தென்று வருவதே அதனால்தான். மோலேயிலும் கோழிச் சாறு போகும். கோதுமை டொர்ட்டியா என்றால் சந்தேகப்படுங்கள், வடக்கு மெக்சிகோ முறையில் அதிலும் கொழுப்பு உண்டு. மக்காச்சோள டொர்ட்டியாவில் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு தவிர வேறொன்றும் கிடையாது. அதை நம்பிச் சாப்பிடலாம். சிலெ ரெயேனோ என்று பெரிய மிளகாய்க்குள் சீஸ் அடைத்து வரும். அதன் மேல்மாவு அடித்த முட்டை, ஆகவே உங்கள் மாமியாருக்கு ஆகாது. சீஸ் உறைய விலங்கு நொதி சேர்ப்பதுண்டு. அந்த அளவுக்குக் கண்டிப்பானவர் என்றால் சீஸையும் விட்டுவிடுங்கள்.

கேட்கும்போது "இது வெஜிடேரியனா?" என்று கேட்காதீர்கள். இறைச்சித் துண்டு இல்லையென்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. பொருளைச் சொல்லி ஸ்பானிஷில் கேளுங்கள்: "தியேனே மான்தேகா?" கொழுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். "தியேனே கால்தோ தே போயோ?" கோழிச் சாறு இருக்கிறதா. மூன்றாவதாக, காளான் கெசடியாவை இறைச்சி போடும் அதே கல்லில் போடுகிறார்களா என்று கேளுங்கள். அதை ஆங்கிலத்திலேயே கேட்கலாம். சிப்ஸைப் பொரிக்கும் எண்ணெயில் வேறென்ன பொரிகிறது என்பதும் கேட்க வேண்டியதே.

சாப்பிடக் கூடியவை நிறைய. பூசணிப் பூ வைத்த கெசடியா, கள்ளித் துண்டுச் சாலட், வாட்டிய பொப்லானோ கீற்று, சுட்ட சோளக் கதிர். கொழுப்பில் தாளிக்காமல் பானையில் வேகவைத்த பீன்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சில இடங்களில் உண்டு. ஓஹாகாவில் கறுப்புப் பீன்ஸில் அவகாடோ மர இலையைப் போட்டு வேகவைப்பார்கள். சோம்பு மணம் வரும். என் மாமியார் எனக்கென்று தனிப் பானையில் அதைத்தான் வைப்பார். முதல் வருடம் முகம் சுளித்தார். இப்போது மற்ற மருமகன்கள் அந்தப் பானையில் கை வைத்தால் அதட்டுகிறார்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் போனால் இன்னும் நல்லது. கத்தோலிக்கர்கள் அன்று இறைச்சி உண்பதில்லை. பல மெக்சிகோ உணவகங்களில் மீனும் காய்கறியும் கொண்ட தனி மெனு போடுவார்கள். அப்போதும் கொழுப்பைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

வெண்பொங்கல் அவர்களுக்கு: சுண்ணாம்பு வேடிக்கை இல்லை. சுண்ணாம்பு நீரில் கொதித்து இரவு முழுக்க ஊறினால்தான் சோளத்தின் மேல்தோல் கழன்று வரும், அரைத்த மாவு ஒன்றோடொன்று ஒட்டும். வெறும் சோளத்தை அரைத்தால் டொர்ட்டியா தட்ட முடியாது, உதிர்ந்துவிடும். சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்று வாழ்ந்த ஏழைகளுக்கு, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. இத்தாலியில் வந்தது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே அமெரிக்கத் தென் மாநிலங்களில் பல்லாயிரம் பேரைக் கொன்றது. மெக்சிகோவில் சோளத்தை உண்டவர்களுக்கு அந்த நோய் பெரிதாக வரவில்லை.

கொங்குமண்:

வேளாண்மை படித்தவன் என்பதால் மெனுவில் இரண்டு பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்று ஹுயிட்லகோச்சே. சோளக் கதிரில் மணிகள் வீங்கிக் கறுத்து, உள்ளே கரித்தூள் நிறையுமே, அந்தக் கரிப்பூட்டை நோய்தான். கல்லூரியில் அதை எப்படி ஒழிப்பது என்று பரீட்சை எழுதினோம். இங்கே அதை முற்றுவதற்கு முன்பே பறித்து, வெங்காயத்தோடு வதக்கி, கெசடியாவில் வைத்துப் பதினான்கு டாலர் வாங்குகிறார்கள். மெக்சிகோ சந்தையில் நோய் பிடித்த கதிருக்கு நல்ல கதிரைவிட விலை அதிகம். சாப்பிட்டேன். காளான் மணம், அடியில் லேசான மண்வாசனை, கடைசியில் சோளத்தின் இனிப்பு. வாயில் வைக்கும்வரை பேராசிரியர் முகம் கண்முன் நின்றது உண்மை.

இன்னொன்று நோபால், நம் சப்பாத்திக்கள்ளியின் இனம். முள்ளைச் சீவி, கீற்றாக நறுக்கி, வேகவைத்து, வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்துக் கொடுக்கிறார்கள். வெண்டைக்காயின் வழவழப்பு இருக்கும். அது பிடிக்காதவர்கள் சாலட்டை விட்டுவிட்டுக் கல்லில் சுட்டதைக் கேளுங்கள். இந்தச் செடிக்கும் சென்னைக்கும் ஒரு பழைய கதை உண்டு. கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் ஸ்பானியர்களுக்குப் பெரும் பணம் கொடுத்தது, ஓஹாகாதான் அதற்குத் தலைமையிடம். அந்த வியாபாரத்தில் பங்கு கேட்க ஆசைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். மெக்சிகோவின் சாயத் தரம் வரவில்லை. கள்ளி மட்டும் தென்னிந்தியக் காடுமேடெல்லாம் பரவி, பிறகு 1920களில் அதே குடும்பத்துப் பூச்சி ஒன்றை விட்டுத்தான் அடக்கினார்கள். வேலிக்கு வைத்தோம், வெட்டி எரித்தோம். பொரியல் செய்யத் தோன்றவில்லை.

பச்சைச் சல்சாவில் போடும் தொமதில்யோவும் தெரிந்த உறவுதான். வரப்பில் முளைக்குமே சொடக்குத் தக்காளி, காகித உறைக்குள் இருக்கும் காய், அதன் பெரிய அண்ணன்.

கரிசல்காட்டான்:

தம்பிகள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. "இது டெக்ஸ்-மெக்ஸ் இல்லை, உண்மையான மெக்சிகோ" என்று சொல்லும்போது டெக்ஸ்-மெக்ஸ் ஏதோ போலிச் சரக்கு என்ற தொனி வருகிறதே, அதை எங்கே கற்றீர்கள்?

இந்த மண் 1836 வரை மெக்சிகோ. எல்லை நகர்ந்தது, சனங்கள் நகரவில்லை. இங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெஹானோக்கள், அதாவது டெக்சாஸ் மெக்சிகர்கள், இங்கே கிடைத்த மாட்டிறைச்சியையும் கோதுமையையும் வைத்துச் சமைத்தார்கள். சான் அன்டோனியோச் சதுக்கங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெண்கள் இரவில் விளக்கு வைத்து, பானையில் சில்லி என்ற மிளகாய் இறைச்சிக் குழம்பு விற்றார்கள். அது யாருடைய சாப்பாட்டின் நகல்?

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டன் நேவிகேஷன் சாலையில் கணவரை இழந்த நின்ஃபா லொரென்சோ அம்மாள், டொர்ட்டியா ஆலை நொடித்துப்போகும் நிலையில், 1973-இல் ஆலையின் முன்பக்கத்தில் பத்து மேஜை போட்டு உணவகம் திறந்தார். மாட்டின் வயிற்றுப்புறத் தசையை, யாரும் மதிக்காத துண்டை, கரியில் சுட்டுக் கீறி டொர்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். ஃபஹிட்டா என்று உலகமே இன்று சாப்பிடுவதற்கு அந்த அம்மாளின் கடை பெரிய காரணம். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் நண்பர்கள் முதலில் கூட்டிப்போனது அங்கேதான். மாடு சாப்பிடாத எனக்குக் கோழி ஃபஹிட்டா வந்தது. சுடச்சுட இரும்புத் தட்டு சீறிக்கொண்டு வந்ததை இன்னும் மறக்கவில்லை.

சுத்தம் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. தாமிரபரணி புகழ்ந்த அல் பாஸ்தோர் எங்கிருந்து வந்தது? லெபனானிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாக் கம்பி அது. ஆட்டுக்குப் பதில் பன்றி, மேலே அன்னாசி. அது "உண்மையான மெக்சிகோ" ஆகலாம், டெக்சாஸ் பாட்டி செய்த என்சிலாடா ஆகக் கூடாதா?

எனக்குக் கேசோ வேண்டும். அதைக் கேட்டதற்கு வெட்கப்பட மாட்டேன்.

ஓஹாகா மாப்பிள்ளை:

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் மாமியார் ஹூஸ்டன் வந்தால் அவரே ஃபஹிட்டாக் கடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பார். ஆனால் ஒரு கடையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்தக் கடையை எடைபோட வேண்டும். ஓஹாகாச் சமையல்காரரிடம் கேசோ கேட்டுவிட்டுக் கிடைக்கவில்லை என்று ஒரு நட்சத்திரம் போடுவது அவருக்கு அநியாயம்.

மோலே காரமாக இல்லை என்றீர்கள். மோலே நெக்ரோவுக்குச் சில்வாக்லே போன்ற காய்ந்த மிளகாய்களை விதை நீக்கிக் கருக வறுக்கிறார்கள். உறைப்பு அதன் நோக்கம் இல்லை. வறுத்த எள், பாதாம், வாழைப்பழம், இலவங்கப்பட்டை, கொஞ்சம் சாக்லேட், எல்லாம் சேர்ந்து பல மணி நேரம் கொதித்து இறங்கும். எங்கள் மாமியார் வீட்டில் கல்யாணத்துக்கு மோலே என்றால் முதல் நாளே பெண்கள் கூடிவிடுவார்கள். அங்கே மிளகாயை எந்தப் பதத்தில் அடுப்பிலிருந்து எடுப்பது என்பதில் நடக்கும் சண்டையை நான் தூரத்தில் நின்றே பார்ப்பேன்.

உறைப்புத்தான் வேண்டுமென்றால் தாமிரபரணி சொன்ன ஆரஞ்சுக் கிண்ணம். ஆபனேரோ. யுகத்தான் பக்கத்து மிளகாய். சொட்டு விட்டுப் பாருங்கள், கரண்டியால் அள்ள வேண்டாம்.

செம்பருத்தி:

எனக்குச் சர்க்கரை நோய். டொர்ட்டியா சாப்பிடலாமா? குடிப்பதற்கு என்ன கேட்பது? சோடா தவிர எதுவும் தெரியாது.

ஓஹாகா மாப்பிள்ளை:

மருத்துவம் உங்கள் டாக்டரிடம். சாப்பாட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன்: டொர்ட்டியாவும் மாவுச்சத்துதான், எண்ணிச் சாப்பிடுங்கள். பீன்ஸும் நோபாலும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒர்ச்சாட்டா வேண்டாம், அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டையும் சர்க்கரையும் போட்ட பானம், இனிப்பு தூக்கலாக இருக்கும். ஹமைக்கா என்று சிவப்பாக ஒன்று வரும். புளிச்சக்கீரைச் செடியின் காய்மேல் இருக்கும் சிவந்த இதழை உலர்த்திக் கொதிக்கவைத்தது. சில கடைகளில் சர்க்கரை தனியாகச் சேர்ப்பார்கள், அப்படியென்றால் சேர்க்காமல் கேட்கலாம். பெரும்பாலும் முன்பே கலந்து பெரிய கண்ணாடிச் சாடியில் வைத்திருப்பார்கள். அப்போது தண்ணீரே நல்லது.

இரவுப்பறவை:

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஹூஸ்டனில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவன். சில விஷயம் சொல்ல வேண்டும்.

திறந்த புதிதில் எந்தக் கடையின் சமையலறையும் தத்தளிக்கும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. வெள்ளி இரவு பொருள் தீர்ந்துபோகும், செவ்வாய் அழுகிப்போகும். கரிக் கல்லில் நிற்பவர் ஒரு வேகம், குழம்பு ஊற்றுபவர் ஒரு வேகம். மோலே ஆறிப்போய் வந்தது சமையல் குற்றமாக இருக்காது. டாக்கோ தயாராகும் வரை மோலே தட்டு சமையலறை ஜன்னலில் காத்திருந்திருக்கும். ஆகவே முதல் மாதத்தில் போகிறவர்கள் வார நாளில், ஏழு மணிக்கு முன்னால் போங்கள். மெனு முழுவதையும் ஒரே நாளில் அளக்காதீர்கள். தட்டு ஆறியிருந்தால் அப்போதே சொல்லுங்கள், சூடாக்கி அல்லது புதிதாகக் கொண்டுவருவார்கள். அங்கே "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இணையத்தில் திட்டுவது நம்மவர்களிடம் நான் அதிகம் பார்த்த பழக்கம்.

அடுத்து டிப்ஸ். கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி ரொக்கமாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-இலிருந்து அதே தொகை. டெக்சாஸிலும் அதுதான். மீதியை நீங்கள் வைக்கும் டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். பில்லில் 8.25 சதவிகிதம் விற்பனை வரி சேர்ந்திருக்கும்; வரிக்கு முந்திய தொகையில் 18 அல்லது 20 சதவிகிதம் கணக்குப் போடுங்கள். சிப்ஸ் இலவசமாக வரவில்லை என்ற கோபத்தைப் பரிமாறுகிறவரிடம் காட்டாதீர்கள். விலை வைத்தவர் அவர் இல்லை. எட்டுப் பேர், பத்துப் பேராகப் போகிறவர்கள் டிப்ஸை முன்கூட்டியே சேர்த்துவிட்டார்களா என்று பில்லைப் படித்துப் பாருங்கள், இரண்டு முறை கொடுத்துவிட வேண்டாம்.

கரிசல்காட்டான்:

டிப்ஸில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. கேசோ கேட்டபோது என்னைப் பார்த்தானே, அந்தப் பையனுக்கும் இருபது சதவிகிதம் வைத்தேன்.

நெறியாளர்:

பரிமாறியவர்களின் பெயரைக் குறிப்பிட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கள், ஊழியர்களின் அடையாளம் வேண்டாம்.

மிளகுரசம்:

போய்வந்தோம். செவ்வாய் மாலை, ஆறு மணிக்கே. கூட்டமில்லை, பாட்டும் தாழ்ந்திருந்தது.

"தியேனே மான்தேகா?" என்று நான் கேட்டதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். உள்ளே போய்ச் சமையல்காரரையே அழைத்து வந்தார். அவர் மெனுவை விரித்து, பேனாவால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்டினார். சோறு இல்லை. மசித்த பீன்ஸ் இல்லை. பானையில் வேகும் கறுப்புப் பீன்ஸ் உண்டு, கொழுப்பு சேராதது, அவகாடோ இலை போட்டது. மெனுவில் அது தனியாகப் போடப்படவில்லை, கேட்டால் தருகிறார்கள். ஓஹாகா மாப்பிள்ளைக்கு நன்றி.

பூசணிப் பூக் கெசடியாவைச் சோளக் கல்லிலேயே, டொர்ட்டியா தட்டும் அம்மாள் செய்து தந்தார், இறைச்சிக் கல்லுக்குப் போகவில்லை. பூவைக் காம்போடு முழுசாக வைத்திருந்தார். சீஸ் உருகி நூல்நூலாக வந்தது. மாமியார் சீஸை நீக்கிக் கேட்டார். பூவும் மிளகாய்க் கீற்றும் மட்டும் வைத்து மடித்துக் கொடுத்தார்கள், அதே விலை. அதில் எனக்கு வருத்தம்தான்.

என் பெரியவன் ஆரஞ்சுக் கிண்ணத்தைப் பற்றி இங்கே படித்துவிட்டு வந்திருந்தான். "சொட்டு" என்ற சொல்லை அவன் படிக்கவில்லை போலும். ஒர்ச்சாட்டா இரண்டு டம்ளர் உள்ளே போனபிறகுதான் பேச்சு வந்தது. தண்ணீரைவிடப் பால் கலந்தது நல்லது என்கிறார்கள். இந்தக் கடையின் ஒர்ச்சாட்டாவில் பால் உண்டு, கேட்டுத் தெரிந்துகொண்டேன். பால் ஆகாதவர்கள் கவனிக்கவும்.

நால்வருக்கு வரியும் டிப்ஸும் சேர்த்து எண்பத்தாறு டாலர். மலிவில்லை. விருந்தினர் வந்தால் போகலாம், வாராவாரம் எங்களால் முடியாது.

கரிசல்காட்டான்:

சமையல்காரர் வெளியே வந்து கோடு போட்டுக் காட்டினாரா? சரி, வீட்டம்மாவும் டொர்ட்டியா தட்டுவதைப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொரு தடவை போகிறேன். இந்த முறை மெனுவில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். பார்க்கிங் எப்படி? போன தடவை வண்டியைத் தூரத்தில் விட்டு நடக்க வேண்டியிருந்தது, அவருக்கு முழங்கால் வலி.

தாமிரபரணி:

கட்டடத்தின் பின்பக்கம் இடம் இருக்கிறது அண்ணா, மளிகைக் கடைச் சந்து வழியாகத் திரும்புங்கள். பின் கதவு வழியாகவே உள்ளே விடுகிறார்கள். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.